இருபத்தெட்டுப் பெட்டி தூரம்

1951ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, மூங்கிலோயாத் தோட்டத்துப் பார்லி வீடு தன் இடத்தைவிட்டு ஒன்றேகால் அடி நகர்ந்து நின்றது. கொழுந்து நிறுக்கும் நேரமாகையால் எழுபது பேருக்குக் குறையாமல் அதைப் பார்த்தார்கள். வெயிலில் படுத்த எருமை எழுந்து நிழலுக்குப் போவதுபோல, பன்னிரண்டு மரக்கால்களையும் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து பிடுங்கி, ஒவ்வொன்றாக முன்னால் ஊன்றி, தகரக் கூரையை ஒரு தடவை குலுக்கிக்கொண்டு அடங்கிவிட்டது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. நிறுவை முடிந்தவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்கள். அந்த வீட்டில் குடியிருந்த சண்முகவடிவும் வரிசையில் நின்று பார்த்தாள். "அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்தேன்?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மூங்கிலோயா இறம்பொடைக்குக் கீழே, கண்டி வீதியிலிருந்து ஒரு மலை உள்ளே தள்ளி இருந்த தோட்டம். அதன் துரைக்குப் பேர் பிரதர்ஸ்டன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாய்களில் அந்தப் பேர் நுழையவில்லை. அவர் மீசையில் சாயங்காலங்களில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது சுலபமாக நுழைந்தது, நுரைத்துரை என்றார்கள். 1948இல் வந்த அவர், கடையில் கிடைத்த எந்தப் பியரும் தன் அப்பா வீட்டில் காய்ச்சியதுபோல இல்லை என்று, பங்களாவின் பின்கட்டில் தானே காய்ச்சத் தொடங்கினார். காய்ச்சுவது அவருக்குக் கைவந்தது. வைத்துக் காப்பாற்றுவதுதான் வரவில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லி அவர் ஊரிலிருந்து கப்பலில் வரவேண்டும். கொஞ்சமாகக் கேட்டால் அனுப்பமாட்டார்கள். ஆகவே ஒரே தடவையில் நாற்பது மூட்டை வரும். உப்பு ஜாடியிலேயே கரைந்து தண்ணீராகிற அந்த மலையில் நாற்பது மூட்டைத் தானியத்தை எங்கே வைப்பது? முதல் வருஷத்துப் பார்லி பூசணம் பிடித்துப் பச்சைக் கம்பளிபோல ஆனது. இரண்டாம் வருஷத்துப் பார்லியை வண்டுகள் தின்றுவிட்டு உமியை மட்டும் ஒழுங்காக மூட்டையில் விட்டுவைத்தன. மூன்றாம் வருஷம் எலி. அந்தப் பார்லியைத் தின்ற எலிகளுக்குப் பயம் போய்விட்டது. பட்டப்பகலில் பங்களா வாசற்படியில் உட்கார்ந்து முகம் துடைத்தன. பங்களாப் பூனை அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது.

தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோரில் பெட்டிக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை பார்த்தவர் சோலைமலை. முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். ஒரு நாள் துரை பெட்டிக் கொட்டிலுக்கு வந்து, யாரிடம் சொல்கிறோம் என்று பாராமல் புலம்பினார்.

"இந்த மலை எல்லாம் சாப்புடுறான். சப்பாத்து சாப்புடுறான், புஸ்தகம் சாப்புடுறான், இப்ப நம்ம பார்லி சாப்புடுறான். நான் என்னா செய்றது?"

"தொரைங்க மன்னிக்கணும்," என்றார் சோலைமலை, கையிலிருந்த சூட்டுக்கோலைக் கீழே வைக்காமலே. "தேயில மாசக்கணக்கா கடல்ல போவுது. நம்ம பெட்டியில போறதாலதான் அங்க எறங்கியும் தேயிலயாவே இருக்குது. இதையும் தேயிலன்னு நெனச்சிக்கிட்டாப் போச்சுங்க."

 துரை அவருக்குக் கைகொடுத்தார். மூங்கிலோயாவில் ஒரு துரை பெட்டிக்காரருக்குக் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை. அது பற்றி வீடு நகர்ந்ததைவிட அதிகமாகப் பேசினார்கள்.

சோலைமலை அடுத்த சரக்கை ஸ்டோரின் சூட்டறையில், கை பொறுக்கிற சூட்டில் பரப்பி, வண்டை முட்டையோடு தீர்த்தார். ஆறவைத்து, ஈயத்தாளும் உள்தாளும் வைத்த தேயிலைப் பெட்டிகளில் விளிம்புவரை நிரப்பினார். காற்றுக்கு இடமில்லாமல் தட்டி நிரப்பி, மூடியை ஈயம் ஊற்றி அடைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் மாதத்தைச் சுண்ணாம்பால் எழுதினார். பழையது முதலில் போகவேண்டும்; ஒரு பெட்டி திறந்தால் அதை முடிக்காமல் மறுபெட்டி தொடக்கூடாது; காய்ச்சுகிற அன்று காலையில்தான் அரைக்கவேண்டும், முந்தின நாள் அரைத்தால் மணம் போய்விடும். இந்த மூன்று சட்டத்தையும் துரைக்கே அவர்தான் சொன்னார். பெட்டிகளுக்கென்று கீழ் டிவிசனில் ஒரு பலகை வீடு கட்டினார்கள். ஈரம் ஏறாமலிருக்க மூன்றடி உயரத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலிலும் கவிழ்த்துப்போட்ட தகரத் தொப்பி. கடைசியில் குடியிருக்க ஒரு காம்பரா, முன்னால் திண்ணைபோல ஒரு சின்ன இஸ்தோப்பு. காவலுக்குச் சோலைமலையும் அவர் மனைவி சண்முகவடிவும் அதில் குடியேறினார்கள்.

சண்முகவடிவு அதற்கு முன் பதினோரு வருஷத்தில் ஆறு லயம் மாறியவள். ஒன்று ஒழுகியது, ஒன்று சரிந்தது, ஒன்றைக் கங்காணியின் மச்சானுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மியையும் உலைமூடியையும் தலையில் தூக்கிக்கொண்டு அவள்தான் நடந்தாள். பார்லி வீட்டில் அம்மியை இறக்கியதும், இனி இந்த வீட்டைவிட்டு ஒரு எட்டு நகரமாட்டேன் என்று சொன்னாள். அவள் சொன்ன சொல் மாறவில்லை.

வீடு எப்போது நகர்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர், ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்த்த டீமேக்கர் நல்லமுத்து. எதையும் அளந்து பார்க்கிற மனிதர். பெட்டி திறந்தால் நகரவில்லை, அரைத்தால் நகரவில்லை, அரைத்த பார்லி பங்களாவில் வெந்நீரில் விழுந்த நிமிஷம், அரை மைல் தள்ளி இருந்த வீடு ஒரு எட்டு வைத்தது. ஒரு பெட்டிக்கு ஒரு எட்டு. எப்போதும் கண்டி வீதியைப் பார்த்து. மண் சரிகிறது என்றுதான் நல்லமுத்து முதலில் எழுதினார். வழியில் ஒரு மேட்டை வீடு ஏறிக் கடந்த பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். பங்களாச் சமையல்காரர், பார்லி வந்த வழியே கப்பலுக்குத் திரும்பிப் போகிறது என்றார். நுரைத்துரை தானியம் அனுப்பிய ஆட்களுக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: தாங்கள் பெற்ற தானியம் வழக்கமான தரத்தது, அதன் நடமாட்டத்துக்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. துரை அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மறுநாளும் காய்ச்சினார்.

அந்த வருஷம்தான் தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார்கள். லயம் லயமாக நல்லமுத்துதான் எழுதிக் கொடுத்தார். மேல் டிவிசனில் இருந்த சண்முகவடிவின் தங்கை பூரணிக்கும் அவள் புருஷன் மூக்கனுக்கும் எழுதினார். பார்லி வீட்டுக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"நிரந்தர விலாசம் கேட்டிருக்காங்க. என்னான்னு எழுத?"

"பார்லி வீடுன்னு எழுதுங்க. கீழ் டிவிசன், மூங்கிலோயா," என்றாள் சண்முகவடிவு.

"நகர்ந்துக்கிட்டு இருக்குதே, தாயி."

"அது நகர்ந்தா நகர்ந்துட்டுப் போவட்டும். நான் நகரலியே."

நல்லமுத்து அப்படியே எழுதினார்.

1954இல் வீடு மூங்கிலோயாவின் எல்லைக் கானுக்கு வந்துசேர்ந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற, மூன்றடி ஆழமான குறுகிய வாய்க்கால் அது; அந்தப் பக்கம் கல்லுப்பாலம் தோட்டம். கான் தடுத்துவிடும் என்று நம்பினார்கள். வீடு முன்கால்களைத் தூக்கி அக்கரையில் வைத்தது; அடுத்தடுத்துக் காய்ச்சக் காய்ச்ச ஒவ்வொரு வரிசையாக இழுத்துக்கொண்டது. அந்த ஆறு மாதமும் சண்முகவடிவு மூங்கிலோயாவில் சமைத்து, கல்லுப்பாலத்தில் படுத்தாள். இரண்டு தோட்டத்துச் சர்க்கரைப் பொங்கலும் தைப்பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வந்தது. வீடு முழுதாக அக்கரை சேர்ந்த பிறகும் அவளும் சோலைமலையும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மூங்கிலோயாவுக்கே போய்ப் பேர் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும்போது கானைத் தாண்டவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மனுவைப் பற்றி விசாரிக்க ஓர் ஐயா குடையோடு வந்தார். மனுவில் சொன்ன இடத்துக்கு நேராகப் போனார். அங்கே புல்லும், பன்னிரண்டு பன்னிரண்டாகத் தண்ணீர் நின்ற குழிகளும் இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு தவளை குதித்தது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மனுதாரர் கொடுத்த விலாசத்தில் வசிப்பவராகக் காணப்படவில்லை, ஆகவே மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. இறம்பொடைத் தபால்காரர் அதைப் பார்லி வீட்டின் இஸ்தோப்பில் ஏறி, சோலைமலையின் கையிலேயே கொடுத்தார். தேடவேண்டிய சிரமம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

கடிதத்தை நல்லமுத்து வாசித்துக் காட்டினார். சோலைமலை பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். சண்முகவடிவு அன்று ரொட்டி சுடவில்லை.  மூன்றாம் நாள் அவள், "மறுபடி எழுதுங்க. காணலன்னு சொன்னவங்க வந்து கண்டுட்டுப் போகட்டும்," என்றாள். அப்பீல் எழுதினார்கள்.

கல்லுப்பாலம் துரைக்குப் பேர் வில்மட். மது தொடாதவர், விருந்துகளிலும் குளிர்ந்த நீர்தான் கேட்பார். ‘தண்ணித்துரை’ என்றால் நேர்மாறான அர்த்தம் வரும் என்பதால் லயத்தில் பச்சைத்தண்ணித் துரை என்று தெளிவாகச் சொன்னார்கள். தன் நிலத்தில் பியர்த் தானியம் நிற்பதை இரண்டு வருஷம் பொறுத்த அவர், 1956இல் பத்துச்சீட்டு அனுப்பினார். தோட்டத்தைவிட்டு வெளியேறும்படி கொடுக்கிற அந்தக் காகிதத்தைக் கல்லுப்பாலம் கணக்கப்பிள்ளை வீரய்யா கொண்டுவந்தார். சண்முகவடிவு வாசலிலேயே நின்றாள்.

"இருவத்தி நாலு மணி நேரத்துல எறங்கணும்னு தொர உத்தரவு."

"யாரு எறங்கணும்?"

"நீங்க ரெண்டு பேருந்தான்."

"நாங்க உங்க தோட்டத்துக்கு வரவே இல்லீங்களே. எம்பாட்டுக்கு வீட்டுக்குள்ள இருந்தேன். வந்தது வீடு. சீட்ட வீட்டுக்கிட்ட குடுங்க."

வீரய்யா நியாயஸ்தர்.  அடுப்பருகே இருந்த கஞ்சியைத் தொட்டுச் சீட்டின் முதுகில் தடவி, கதவுப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார்.

சீட்டு வீட்டுக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் வீடு எப்படி இறங்கும்? இரண்டு துரைமாரும் எல்லைக் கானுக்கு இருபுறமும் நின்று பேசினார்கள். பிரித்து எடுத்துப் போகலாம் என்றால், பெட்டிகளை மாரிக்காலத்தில் வெளியே எடுத்தால் சரக்கு கெடும் என்று சோலைமலை சம்மதிக்கவில்லை; நுரைத்துரையும் சம்மதிக்கவில்லை. நல்லமுத்து கயிறு பிடித்து அளந்தார். அந்த இடத்தில் கல்லுப்பாலம் தோட்டம் ஒரு மூலையாகச் சுருங்கிக் கண்டி வீதியைத் தொட்டது. வீடு அதைக் கடந்து வீதியோரம் சேர முப்பத்தைந்து அடி. அதாவது இருபத்தெட்டுப் பெட்டி தூரம். வழக்கம்போல இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும். பச்சைத்தண்ணித் துரை இரண்டு மாதம்தான் தவணை கொடுத்தார். ஆக, அவருடைய உத்தரவை நிறைவேற்ற இரண்டு மாதத்துக்குள் இருபத்தெட்டுப் பெட்டிப் பார்லியைப் பியராகக் காய்ச்சியே தீரவேண்டும் என்றாயிற்று. தன் கையெழுத்துக்கு மேலே அந்த வாசகத்தைப் படித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாகச் சொல்வார்கள்.

ஒரு பெட்டியை ஆற்றில் கொட்டிப் பார்த்தார்கள். வீடு அசையவில்லை, நுரைத்துரை அழுதார். காய்ச்சியதைக் கீழே ஊற்றலாம் என்றால், தன் மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது, தன் ஓடையிலும் விழக்கூடாது என்று பச்சைத்தண்ணித் துரை எழுதி அனுப்பினார். ஏனம் காலியானால்தான் அடுத்த பெட்டி காய்ச்சமுடியும். ஆகவே குடித்தார்கள். பங்களாப் பீப்பாய்கள் போதவில்லை. குளிக்கிற தொட்டி போனது. மாரியம்மன் கோயில் அண்டாக்களைக் கேட்டார்கள். பூசாரி முடியாது என்றார். ஒரு ஏழைக் குடும்பத்துக் காரியம் என்று சொன்னதும், மஞ்சள் தண்ணீரில் கழுவித் திருப்பவேண்டும் என்று கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு தோட்டத்து ஆட்களும் கானோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வாரம் கசக்கிறது என்றார்கள். இரண்டாம் வாரம் கசப்புத்தான் உடம்புக்கு நல்லது என்றார்கள். ஐந்தாம் வாரம், பத்து வருஷமாகப் பேசாத இரண்டு சம்பந்திமார் சமாதானமானார்கள். ஆறாம் வாரம், சமாதானமாகவே இருந்த இன்னும் இரண்டு சம்பந்திமார் சண்டையிட்டார்கள். பெரட்டுத் தப்படிக்கிறவர் ஒரு காலையில் இரண்டு தடவை அடித்துவிட்டார். ஆட்கள் இரண்டு தடவையும் வந்து நின்றார்கள். சோலைமலை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. திறக்கிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு மணியை எடுத்துக் கடித்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, தலையாட்டி அனுப்புவார். மணி நொறுங்கினால் சரக்கு சரி. மெத்தென்றால் ஈரம் ஏறிவிட்டது. இருபத்தேழு பெட்டியும் நொறுங்கின.

இருபத்தெட்டாவது பெட்டி திறக்கப்படவில்லை. வீடு கடந்து வந்த வழியைப் பார்க்கப் பச்சைத்தண்ணித் துரை ஒருநாள் குதிரையில் வந்தார். பின்னால், கயிறு பிடித்ததுபோல ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், ஒன்றரை அடி ஆழக் குழிகள் நிரைநிரையாகக் கிடந்தன. அந்த இரண்டு மாதத்தில் மட்டும் இருபத்தேழு பன்னிரண்டு. கன்று நடக் குழிவெட்ட ஆள் வைத்தாலும் அவ்வளவு ஒழுங்கு வராது. அவர் இறங்கி, ஒரு குழியில் பிரம்பை விட்டுப் பார்த்தார். மறுநாளே தேயிலைக் கன்றுகள் வைக்கச் சொன்னார். அந்தக் கன்றுகள் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாக வந்தன. வீடு இன்னும் ஓர் எட்டு வைத்தால் எல்லை தாண்டியிருக்கும். ஆனால் அவர் நட்ட கன்றுகளைப் பார்த்த சந்தோஷத்தில், நிற்கட்டும் என்று சொல்லி, கதவில் ஒட்டிய சீட்டைத் தன் கையாலேயே கிழித்தார். கஞ்சி நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது.

அதன் பிறகு வீட்டை நகர்த்தக்கூடாது என்று நுரைத்துரை காய்ச்சவில்லை; 1958இல் ஊருக்குத் திரும்பினார். புதிதாக வந்தவருக்குக் காய்ச்சுவதில் ஆசையில்லை. மிஞ்சியது பதினோரு பெட்டி. அவற்றைச் சோலைமலைக்கே எழுதிக் கொடுத்தார். காரில் ஏறுமுன், "நீ திறக்கறது இல்ல. குடிக்கறது இல்ல. பின்ன என்னாத்துக்கு வச்சிக்கிறது?" என்று கேட்டார்.

"வச்சிருக்கத்தானுங்களே எனக்குத் தெரியும்," என்றார் சோலைமலை.

அவர் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் விரல்முட்டியால் தட்டிக் கேட்டார். மூலைகளில் ஈயம் வெடித்ததா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தார். வீடு அசையாமல் நின்றது. அதைப் பார்த்துப் பழகாத புது ஆட்கள் அதைச் சாதாரண வீடு என்றே நினைத்தார்கள்.

அப்பீல் விசாரணை 1960இல் வந்தது. இந்தத் தடவை வேறோர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளரோடு ஜீப்பில் வந்து, பார்லி வீட்டின் இஸ்தோப்பிலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். சண்முகவடிவு தேத்தண்ணீர் கொடுத்தாள். சோலைமலை கைகட்டி நின்றார். அவள்தான் பேசினாள்.

"உமது நிரந்தர வசிப்பிடம் எது?"

"இந்த வீடுதாங்க."

"இந்த வீடு எங்கே இருக்கிறது?"

"இன்னிக்கிங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்.

"மனுவில் கொடுத்த விலாசத்தை விட்டு ஏன் வெளியேறினீர்?"

"வெளியேறலீங்க. பார்லி வீடுன்னு கொடுத்தேன், பார்லி வீட்டுலதான் இருக்கேன். பத்து வருசமா அம்மியக்கூட நகத்தல. வீடு நடந்துச்சு, நான் உள்ள இருந்தேன். ரயில்ல ஒக்காந்திருக்கவங்கள எட்டு வச்சாங்கன்னு சொல்லுவீங்களா?"

இது மொழிபெயர்க்கப்பட்டது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, வீடு நடக்கும் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்.

இருந்த அத்தாட்சி பதினோரு பெட்டிதான். அவற்றில் பழையது அடைத்து நான்கு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பெட்டிக்குள் ஈரம் ஏறியிருந்தால் வீடு நடக்காது. நடக்காவிட்டால் அவர்கள் பொய் சொன்னவர்கள் ஆவார்கள், மனு முடிந்துவிடும். சோலைமலை உள்ளே போனார். சுண்ணாம்பு எழுத்துகளைத் தடவிப் பார்த்து, எல்லாவற்றிலும் பழையதை இழுத்தார். ஈயத்தைக் கீறினார். கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு மணி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "கடிங்க, என்னா பாக்குறீங்க," என்றாள் வாசலில் நின்ற சண்முகவடிவு.  கடித்தார். நொறுங்கியது. இஸ்தோப்பில் இருந்த அதிகாரிக்கே அந்தச் சத்தம் கேட்டது. சோலைமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயப்புகை என்றார். அன்று ஈயம் காய்ச்சவில்லை.

அம்மியில் அரைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மொழிபெயர்ப்பாளர் சட்டைக்கையை மடித்துவிட்டுக் கொஞ்சம் அரைத்துக் கொடுத்தார். அண்டாவில் வெந்நீர் கொதிவருமுன் இறக்கி, சண்முகவடிவு அரைத்த பார்லியைக் கொட்டினாள். அதிகாரி அப்போது இரண்டாவது தேத்தண்ணீரைக் கையில் வைத்திருந்தார். பஸ் புறப்படுவதுபோல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். தேத்தண்ணீர் சிந்தவில்லை. அவர் உட்கார்ந்தது கல்லுப்பாலம் தோட்டத்தில். எழுந்தது கண்டி வீதியோரத்தில். முன்னால் இருந்த எல்லைக்கல் அவருக்குப் பின்னால் போயிருந்தது. அவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். அதன் பிறகு உட்கார்ந்து எழுதினார்: மனுதாரர்கள் வீடு மாறவில்லை. வீடு இடம் மாறியது. இரண்டும் ஒன்றல்ல. இதைக் கீழே கையெழுத்திட்டவர் நேரில் அனுபவித்தார்.

1962இல் இரண்டு பேருக்கும் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது. வீடு நின்ற துண்டு நிலம் தோட்டத்துப் படத்திலும் இல்லை, வீதிப் படத்திலும் இல்லை. இரண்டு நில அளவையாளர்களின் கோடும் அங்கே ஒன்றையொன்று தொடவில்லை. ஆகையால் எழும்பச் சொல்ல யாரும் வரவில்லை. பஸ்காரர்கள் அங்கே நிறுத்தினார்கள்.

பூரணியின் மனு தள்ளுபடியானது. அவள் இருந்த மேல் டிவிசன் லயம் கட்டின நாளிலிருந்து ஓர் அங்குலமும் நகராதது. மூக்கனின் பிறப்புப் பத்திரத்துப் பேரில் ஓர் எழுத்து நகர்ந்திருந்தது. அப்பீலும் போனது. 1964 தொடக்கத்தில், இருக்கக் கொடுத்த தவணை முடிந்து, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் ஏறவேண்டும் என்று ஆனது. புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் அவள் அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"எந்த ஊருன்னுகூடத் தெரியலக்கா. மணப்பாறைப் பக்கம் குடிச போட்டுத் தருவாங்களாம்."

சண்முகவடிவு புருஷனைப் பார்த்தாள். "அவளுக்கு ஒரு பெட்டி குடுத்துவிடுங்க."

"பெட்டிய கப்பல்ல ஏத்த விடமாட்டாங்க, புள்ள."

"அப்ப ஏத்த விடுற மாதிரி குடுங்க."

 சோலைமலை உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தார். முடிக்காமல் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஒரு பால்மா டின்னில் உள்தாளும் ஈயத்தாளும் வைத்து, தட்டித் தட்டி நிரப்பி, மூடியைச் சுற்றி ஈயம் ஊற்றினார். ஈயம் ஆறும்வரை மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூரணியிடம் கொடுக்கும்போது, "காய்ச்சுற அன்னிக்குக் காலையிலதான் அரைக்கணும். முந்தி தெறந்து தெறந்து பாக்காத," என்றார். அவள் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அழுதாள். மறுநாள் கம்பளை ஸ்டேஷனில் ரயில் போன பிறகு, சண்முகவடிவு பிளாட்பாரத்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டைவிட்டு நகராத அவளே அன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். சோலைமலை கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

1965 ஆவணியில் இந்தியாவிலிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார். வெயில் பொறுக்கமுடியவில்லை, தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கவேண்டும், மூக்கன் கல் உடைக்கிறார், தேயிலை என்று விற்பதைக் குடிக்கமுடியவில்லை. சித்திரை மாதம் ஒரு நாள் மனசு கேட்காமல் டின்னைத் திறந்து, ஒரு பிடி அரைத்து, வெந்நீரில் போட்டாளாம். குடிசைக்குக் கால் இல்லை. இருந்தாலும் நான்கு விரற்கடை நகர்ந்ததாம், தெற்கே, நம்ம பக்கம் பார்த்து. பக்கத்துக் குடிசைக்காரர்கள் காற்று என்கிறார்கள். மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.

சண்முகவடிவு மறுபடி வாசிக்கச் சொன்னாள். தபால்காரர் மறுபடி வாசித்தார். சோலைமலைக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"தெறந்த டின்ன எதால அடைச்சாளாம்?"

"அது எழுதலீங்க."

"பழந்துணியால அடைச்சிருப்பா," என்றார் சோலைமலை கவலையோடு. எழுந்து உள்ளே போனார். புதிய ஈயத்தாள் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி, நான்காக மடித்து ஓர் உறைக்குள் வைத்தார். எப்படி அடைப்பது என்று தபால்காரரையே ஒரு தாளில் எழுதச் சொன்னார். கடைசியில் சண்முகவடிவு, அவசரப்படாம ஒவ்வொரு பிடியா போடு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். தபால்காரர் உறையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். சாதாரணத் தபால்தான், கூட முத்திரை தேவையில்லை என்று சொல்லி, பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.